அக்காவுக்காக எடுத்த 44 மில்லி: டர்பனில் ஒரு தொப்புள்கொடி ரத்தச் சேமிப்பு – நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில், மூத்த மகளின் தாலசீமியாவுக்காக (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய்) தம்பியின் தொப்புள்கொடி ரத்தம் சேமிக்கப்பட்டது. கர்ப்பத்தின் 27ஆம் வாரத்தில் தொடங்கி, ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) மாற்று சிகிச்சை முடிந்து 14 மாதம் ஆனது வரை நடந்தவை இங்கே பதிவாகின்றன. பெயர், தேதி, மருத்துவமனை, சேமிப்பு நிறுவனம் எதுவும் குறிப்பிடப்படவில்லை.

பின்னணி

தந்தைக்கு 36 வயது, தாய்க்கு 31. தந்தையின் தாயும் அதே வீட்டில்தான். பேரப்பிள்ளைகளுக்கு அவர் ஆயா. மூத்த பெண் பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது முகம் வெளுத்து, பால் குடிக்க மறுத்து, வயிறு உப்பிப்போய் வந்தாள். பீட்டா தாலசீமியா மேஜர் என்று உறுதியானது. பெற்றோர் இருவரும் கேரியர், அதாவது நோயில்லாமல் கோளாறுள்ள மரபணுவை மட்டும் சுமப்பவர்கள். தாய்க்கு முதல் கர்ப்பத்திலேயே சிவப்பணுவின் அளவு மிகச் சிறியதாக, எம்.சி.வி. 64 என்று, ரிப்போர்ட்டில் வந்திருந்தது. "ரத்தம் கொஞ்சம் கம்மி" என்று இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கணவரின் ரத்தத்தை யாரும் பார்க்கவில்லை.

இருவரிடமும் இருந்தது ஒரே மரபணு மாற்றம்தான்: ஐ.வி.எஸ். 1-5. இந்திய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படுவது இதுவே.

நமது பதிவு தொடங்கும்போது சிறுமிக்கு 4 வயது, எடை 15 கிலோ. நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றப்பட்டது. ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் 9.5க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டார்கள். ஏற்றும் ரத்தத்தோடு சேரும் இரும்பை வெளியேற்ற தினமும் டெஃபெராசிராக்ஸ். உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 1,850. நல்ல எண் என்று சொல்ல முடியாது, ஆனால் கட்டுக்குள் இருந்தது.

இரண்டாவது கர்ப்பத்தில் தாய் 27ஆம் வாரத்தில்தான் ஆலோசனைக்கு வந்தார். நஞ்சுத் திசுவை எடுத்துச் சோதிக்கும் 11 முதல் 14 வாரக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. பனிக்குட நீரைச் சோதிக்கலாம் என்று சொல்லப்பட்டது. எந்த முடிவு வந்தாலும் கர்ப்பத்தைத் தொடரப் போவதால் அது வேண்டாம் என்றார்கள் பெற்றோர்.

கையில் கொண்டுவந்த துண்டறிக்கை

அவர்களை ஆலோசனைக்கு அழைத்து வந்தது மரபணுக் கவலை அல்ல. ஷாப்பிங் மாலில் நடந்த குழந்தைப் பொருள் கண்காட்சியில் தந்தை கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த ஒரு தனியார் சேமிப்புத் திட்டம்தான். 20 ஆண்டுக் கட்டணத்தையும் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றதால் கட்டியும் விட்டார். முகவர் பின்னர் வீட்டுக்கும் வந்திருக்கிறார். இந்தத் தலைமுறையில் தமிழ் பேசும் இளைஞர்கள் டர்பனில் குறைவு. அவர் தமிழில் பேசியதே ஆயாவைப் பாதி கரைத்துவிட்டது. மீதியைக் கரைத்தது இந்த வாக்கியம்: "ஆயா, நீங்க அந்தக் காலத்துல கொடியைத் தாயத்துல வெச்சீங்க, நாங்க டாங்க்ல வெக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்."

வித்தியாசம் அவ்வளவு மட்டுமல்ல. விழுந்த தொப்புள்கொடித் துண்டைக் காயவைத்து வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுவது நம் வழக்கம். அதன் மதிப்பு வேறு வகையானது. காய்ந்த துண்டில் உயிருள்ள செல் ஒன்றும் இருக்காது. சேமிப்பதற்குரியது கொடியும் அல்ல. பிரசவத்துக்குப் பின் கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் தங்கும் ரத்தம்.

துண்டறிக்கையில் திருத்த வேண்டியிருந்த கூற்றுகள் இரண்டு. முதலாவது, "உங்கள் குழந்தைக்கே பிற்காலத்தில் உதவும்" என்பது. பிறக்கப்போகும் குழந்தைக்கும் தாலசீமியா இருந்தால் அதன் ரத்தத்திலுள்ள ஸ்டெம் செல்லிலும் அதே கோளாறுதான் இருக்கும்; தன் ரத்தம் தன்னைக் குணப்படுத்தாது. பிறவி மரபணு நோய்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இரண்டாவது, "உடன்பிறந்தோருக்கு 75 விழுக்காடு வாய்ப்பு". முழுப் பொருத்தத்துக்கான 25 விழுக்காட்டையும் பாதிப் பொருத்தத்துக்கான 50 விழுக்காட்டையும் கூட்டி எழுதிய எண் அது. தாலசீமியாவுக்குத் தொப்புள்கொடி ரத்தம் கொடுக்கும்போது தேடுவது முழுப் பொருத்தத்தை மட்டுமே.

மருத்துவக் குழு பெற்றோருக்குக் காட்டிய கணக்கு வேறு. தாலசீமியா மரபணு இருப்பது 11ஆம் குரோமோசோமில். திசுப் பொருத்தத்தைத் தீர்மானிக்கும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில். ஒன்று மற்றொன்றைச் சார்ந்து வராது என்பதால் இரண்டு வாய்ப்புகளையும் பெருக்கலாம். நோயில்லாமல் பிறக்க நான்கில் மூன்று, முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒன்று; பெருக்கினால் 16இல் 3. மேசையில் 16 காகிதத் துண்டுகளைப் பரப்பி மூன்றை மட்டும் ஒதுக்கிக் காட்டியபோது தந்தை அந்த மூன்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடுத்த முடிவும் காரணமும்

நோயாளி யாரும் இல்லாத குடும்பம் "காப்பீடு போல" தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிப்பதை அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் பரிந்துரைப்பதில்லை. ஸ்டெம் செல் மாற்றால் குணமாகக்கூடிய நோயோடு வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருப்பது தனி நிலை. 1988இல் பாரிஸில் எலியான் க்ளக்மேன் குழுவினர் செய்த உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்றும் இப்படித்தான்: ஃபான்கோனி ரத்தசோகை கொண்ட சிறுவனுக்கு அவன் தங்கையின் ரத்தம்.

ஆகவே எடுத்துச் சேமிப்பது என்றே முடிவானது. ஆனால் பை யாருக்காக என்பது மாறியது. ஒப்பந்தத்தில் பயனாளி என்ற இடத்தில் பிறக்கப்போகும் குழந்தை மட்டும் இருந்தது. அதைத் திருத்தி மூத்த மகளைச் சேர்க்கச் சொன்னார்கள். காகித வேலைதானே என்று தோன்றலாம். குறைந்த அளவு ரத்தம் வந்தால் எறிவதா வைப்பதா என்று ஆய்வகம் யாரைக் கேட்கும், எந்த மையத்துக்கு எந்த ஆவணத்தோடு பையை அனுப்பும் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில்தான் அடங்கியிருக்கிறது.

பொருந்தாவிட்டால் வேறு யாருக்காவது தானம் செய்யலாமா என்று தாய் கேட்டார். தென்னாப்பிரிக்காவில் பொதுத் தொப்புள்கொடி ரத்த வங்கி இல்லை. தனியார் டாங்கில் இருக்கும் பை பிற நோயாளிகளுக்கான தேடல் பட்டியலில் வராது. தானம் செய்ய விரும்பும் பெரியவர்களுக்கு இருக்கும் வழி, 1991இல் கேப் டவுனில் தொடங்கிய தென்னாப்பிரிக்க எலும்பு மஜ்ஜைப் பதிவகத்தில் பெயர் கொடுப்பது. தாயின் இரண்டு தம்பிகள் அப்படிப் பதிந்தார்கள். பொருத்தம் பெரும்பாலும் ஒரே வம்சாவளிக்குள்தான் கிடைக்கிறது என்பதால் இதை எல்லாக் குடும்பங்களிடமும் சொல்வது நல்லது.

ஆய்வகத்திடம் எழுத்தில் பதில் கேட்கப்பட்ட கேள்விகள்: எத்தனை மணி நேரத்துக்குள் பதப்படுத்துவீர்கள், எந்த எண்ணிக்கைக்குக் கீழே இருந்தால் எறிவீர்கள், உறைந்த பையோடு ஒட்டிய சோதனைக் குழாய்த் துண்டு இருக்குமா, எந்தச் சர்வதேசத் தரச்சான்று இருக்கிறது. தந்தை கேட்ட கேள்வி மின்வெட்டைக் கண்ட தென்னாப்பிரிக்கர் எவரும் கேட்கக்கூடியது: "கரண்ட் போனா என்ன ஆகும்?" திரவ நைட்ரஜன் டாங்குக்கு மின்சாரம் தேவையில்லை. பெரிய ஃபிளாஸ்க் மாதிரிதான் அது. நைட்ரஜன் தீராமல் நிரப்பிக்கொண்டிருந்தால் போதும். மின்சாரம் தேவைப்படுவது பையை நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்விக்கும் கருவிக்கும், எச்சரிக்கை மணிக்கும். ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்டால் அந்த இரண்டையும் மனத்தில் வைத்துக் கேட்க வேண்டும்.

கிட் பெட்டி

34ஆம் வாரத்தில் வீட்டுக்குப் பெட்டி வந்தது. உள்ளே 250 மில்லி பிடிக்கும் சேகரிப்புப் பை, அதில் உறையாமலிருக்க 35 மில்லி சி.பி.டி. திரவம், பையோடு இணைந்த குழாயில் 16 கேஜ் ஊசிகள் இரண்டு, கொடியைத் துடைக்க குளோர்ஹெக்சிடின் துணி, தாயின் ரத்தத்துக்கு மூன்று டியூப், லேபிள்கள், வெப்பத்தைத் தடுக்கும் உறை. தாயின் ரத்தம் எதற்கு என்று பலருக்குப் புரிவதில்லை. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ், எச்.டி.எல்.வி., சி.எம்.வி. சோதனைகள் தாயின் ரத்தத்தில்தான் செய்யப்படும். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஏழு நாளுக்குள் எடுத்திருக்க வேண்டும்.

எந்த நேரமும் வலி வரலாம் என்று தந்தை பெட்டியைக் காரின் டிக்கியில் போட்டுவைத்தார். ஜனவரி மாதம். டர்பன் வெயிலில் மூடிய டிக்கிக்குள் என்ன சூடு இருந்திருக்கும் என்று யாரும் அளக்கவில்லை. பெட்டியின் மேலேயே அறை வெப்பநிலையில் வைக்கவும் என்று அச்சாகியிருந்தது.

பிரசவத் திட்டத்தில் மகப்பேறு மருத்துவர் எழுதிய குறிப்பு: குழந்தை நன்றாக அழுதால் 60 விநாடி கழித்துக் கிளாம்ப் (கொடியை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும் கவ்வி), பிறகு நஞ்சுக்கொடி கருப்பைக்குள் இருக்கும்போதே சேகரிப்பு, அக்காவுக்கான சேகரிப்பு. தெளிவான குறிப்பு. கோப்பின் 14ஆம் பக்கத்தில் இருந்தது.

பிரசவ இரவு

38 வாரம் 4 நாளில் இரவு 11 மணிக்கு வலி. அதிகாலை 2 மணிக்குக் குழந்தையின் இதயத் துடிப்பு திரும்பத் திரும்ப இறங்கியது, 2.40க்கு அவசரச் சிசேரியன். திட்டத்தை எழுதிய மருத்துவர் அன்று பணியில் இல்லை. அவசரத்தில் யாருக்கும் 14ஆம் பக்கத்தைப் புரட்ட நேரமில்லை. அதை எதிர்பார்க்கவும் முடியாது. டிக்கியிலிருந்து பெட்டியைத் தந்தை எடுத்து வந்து தியேட்டர் வாசலில் கொடுத்தார். "இதுல ரத்தம் எடுக்கணும் சிஸ்டர்" என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை.

ஆண் குழந்தை, 3.1 கிலோ, பிறந்தவுடன் அழுதது. பிரிவின் வழக்கப்படி 3 நிமிடம் கழித்துக் கிளாம்ப் போடப்பட்டது. ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைக்கு உட்பட்டதுதான் அது. குழந்தைக்கு அதனால் நன்மையே: நஞ்சுக்கொடியிலிருந்த ரத்தமும் இரும்பும் அதற்குப் போய்ச் சேர்ந்தன. பைக்குத்தான் மிச்சமில்லை. பிறந்த உடன் கொடியின் ரத்தக்குழாய் நீலமாக, விரல் தடிமனில் புடைத்திருக்கும். மூன்று நிமிடத்தில் துடிப்பு நின்று, வெளுத்த கயிறு போலச் சுருங்கிவிட்டிருந்தது.

அடுத்தது ஊசி. சிரையில் முதல் குத்து கிளாம்ப் போட்ட நுனிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அது தவறினால் நஞ்சுக்கொடி பக்கமாக மேலே நகர்ந்து மறுபடி குத்தலாம். இங்கே முதல் குத்தே நஞ்சுக்கொடிக்கு அருகில் விழுந்தது. ஊசி சிரையின் மறுபக்கத்தையும் துளைத்து, ரத்தம் கொடியின் சதைக்குள் கசிந்து வீங்கியது. கீழே இறங்கிக் குத்தியபோது மேலிருந்து வர வேண்டிய ஓட்டம் அந்த வீக்கத்தில் தடைபட்டது. பையைக் கருப்பையின் மட்டத்துக்குக் கீழே தாழ்த்திப் பிடித்து, சி.பி.டி.யோடு கலக்க இடையிடையே மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார் ஒரு நர்ஸ். நான்கு நிமிடத்தில் சொட்டு நின்றது. நஞ்சுக்கொடி வெளியே வந்த பின் அதைத் தொங்கவிட்டு மீதியை எடுக்கலாம். அதற்கான தாங்கி அங்கே இல்லை. தியேட்டரில் அதைவிட முக்கியமான வேலைகளும் இருந்தன.

பையின் லேபிளில் காலி எடை 72 கிராம் என்று இருந்தது. சேகரித்த பின் 119. வித்தியாசம் 47 கிராம். ரத்தத்தின் அடர்த்தி 1.06 என்பதால் 44 மில்லி. பெரும்பாலும் 60 முதல் 120 மில்லி வரை கிடைக்கும்.

தாயின் டியூப்களை எடுக்க மறந்து காலையில் எடுத்தார்கள். ஏழு நாள் வரை அவகாசம் இருப்பதால் பாதகமில்லை. லேபிளில்தான் சிக்கல் வந்தது. பையில் தாயின் அடையாள எண்ணோடு பிறந்த வீட்டுப் பெயரும், டியூப்களில் கணவர் வீட்டுப் பெயரும் எழுதியிருந்தார்கள். கூரியர் காலை 11 மணிக்கு வந்தார். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஆய்வகத்துக்கு 570 கிலோமீட்டருக்கு மேல். எடுத்து 31 மணி நேரத்தில் பதப்படுத்தத் தொடங்கினார்கள். 48 மணி நேர வரம்புக்குள்தான்.

ஆய்வகத்தின் எண்கள்

உட்கருவுள்ள செல்கள் மொத்தம் 43 கோடி வந்தன. பதப்படுத்தியபின் 35 கோடி. ஸ்டெம் செல்லைக் காட்டும் சி.டி.34 செல்கள் 10.5 லட்சம். உயிருள்ளவை 93 விழுக்காடு. 44 மில்லி ரத்தத்துக்கு 35 மில்லி சி.பி.டி. அதிகம் என்பதாலும் டிக்கி வெயிலாலும் இந்த எண் குறையும் என்று பயந்தார்கள், குறையவில்லை. கிருமி வளர்ப்புச் சோதனையில் எதுவும் வளரவில்லை.

35 கோடி போதுமா என்பது எடுத்துக்கொள்பவரின் எடையைப் பொறுத்தது. தாலசீமியா போன்ற நோய்களில் உடன்பிறந்தவரின் தொப்புள்கொடி ரத்தத்தை மட்டும் கொடுப்பதானால் கிலோவுக்குக் குறைந்தது 3.5 கோடி செல்கள் இருக்கும்படி மையங்கள் பார்க்கின்றன. 15 கிலோ சிறுமிக்கு 52.5 கோடி வேண்டும். கையில் இருந்ததோ கிலோவுக்கு 2.3 கோடி. அதுவும் அன்றைய எடைக்கு. அவள் வளர வளர இந்த எண் இறங்கும், உருக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும்.

ஆய்வகத்தின் உள்வரம்பு 50 கோடி. அதற்குக் கீழே இருந்ததால் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்து பையை அழிக்கலாமா என்று தந்தைக்கு போன் வந்தது. அவர் சம்மதிக்கும் நிலையில் இருந்தார். ஒப்பந்தத்தில் மூத்த மகளின் பெயர் இருந்ததால் ஆய்வகம் மருத்துவக் குழுவையும் கேட்டது. வைத்திருங்கள் என்று குழு எழுதியது. தனியாகப் போதாத பை பின்னாளில் அதே தம்பியின் எலும்பு மஜ்ஜையோடு சேர்ந்தால் பயன்படும். சிக்கல் தீர்ந்துவிடவில்லை, பெயர் முரண்பாட்டால் பை தனி டாங்கில் நிறுத்திவைக்கப்பட்டு, பிரமாணப் பத்திரமும் அடையாள அட்டை நகலும் அனுப்பியபின் ஆறு வாரம் கழித்தே ஏற்கப்பட்டது.

தம்பி எட்டு வாரக் குழந்தையாக இருந்தபோது கன்னத்தின் உட்புறத்திலிருந்து எடுத்த மாதிரியில் இரண்டு சோதனைகள் நடந்தன. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் பெரும்பகுதி கருநிலை ஹீமோகுளோபின் என்பதால் வழக்கமான ஹீமோகுளோபின் பிரிப்புச் சோதனை அந்த வயதில் தாலசீமியா பற்றி முடிவு சொல்லாது, டி.என்.ஏ.வில்தான் பார்க்க வேண்டும். கேரியர் என்று வந்தது. கேரியர் கொடையாளியாக இருக்கலாம். எச்.எல்.ஏ. முழுப் பொருத்தம்.

காத்திருந்த காலத்தில் நழுவியது

இந்த நிகழ்வில் மிகப் பெரிய சேதம் பிரசவ அறையில் நடக்கவில்லை. வீட்டில் நடந்தது. கர்ப்பம், சிசேரியன், கைக்குழந்தை என்று இருந்த பத்து மாதத்தில் மூத்தவளின் டெஃபெராசிராக்ஸ் அடிக்கடி விட்டுப்போனது. தந்தை பின்னர் சொன்ன காரணம்: தம்பியின் ரத்தம் டாங்கில் இருக்கிறது, எப்படியும் குணமாகிவிடுவாள், வாந்தி வருகிறது என்று அழும் பிள்ளையை ஏன் வருத்த வேண்டும் என்று நினைத்தார்கள். பெற்றோர் வந்த போதெல்லாம் பேச்சு பையைப் பற்றியே இருந்தது. ரத்தம் ஏற்றும் பிரிவும் பிரசவப் பிரிவும் தனித்தனிக் கோப்பு வைத்திருந்தன. ஃபெரிட்டின் ஏறுவதை இரண்டும் சேர்த்துப் பார்த்தவர் இல்லை.

ஃபெரிட்டின் 3,100 ஆனது. கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே 3 செ.மீ. இறங்கியிருந்தது. தாலசீமியாவில் மாற்று சிகிச்சையின் ஆபத்தை மூன்றை வைத்துக் கணிக்கிறார்கள்: கல்லீரல் 2 செ.மீ.க்கு மேல் வீங்கியிருப்பது, கல்லீரலில் நார்த்திசு, இரும்பு நீக்கம் ஒழுங்காக நடக்காமை. மூன்றில் இரண்டு இப்போது அவளிடம் இருந்தன. மாற்று சிகிச்சையைத் தள்ளிவைத்து, தினமும் மருந்தோடு வாரம் ஐந்து இரவு டெஃபெராக்சமின் ஊசிப் பம்பும் சேர்த்துப் பத்து மாதம் இரும்பை இறக்கினார்கள். இரவில் பம்ப் ஊசி போடும் பொறுப்பை ஆயா கற்றுக்கொண்டார். ஒருநாளும் தவறவில்லை.

மாற்று சிகிச்சை

கேப் டவுனில் நடந்தது. சிறுமிக்கு 6 வயது, 18.2 கிலோ. தம்பிக்கு 22 மாதம், 11.2 கிலோ. கைக்குழந்தையைக் கொடையாளியாக்கும்போது இரு பிள்ளைகளுக்கும் பெற்றோர் ஒருவரே என்பதால் அவர்களால் நடுநிலையில் நின்று பார்க்க முடியாது. சிகிச்சைக் குழுவில் இல்லாத ஒரு மருத்துவரும் ஒரு சமூகப் பணியாளரும் தம்பியின் நலனுக்காக மட்டும் தனியே பேசி ஒப்புதல் தந்தார்கள். 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரிடம் இயற்கையாக மீண்டும் உருவாகாத திசுவை எடுப்பதைத் தடுக்கிறது. எலும்பு மஜ்ஜை மீண்டும் உருவாகக்கூடியது.

கொடையாளியின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால் உச்சவரம்பு 224 மில்லி. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து 205 மில்லி எடுத்தார்கள். செல்கள் 440 கோடி. அக்காவின் எடைக்குக் கிலோவுக்கு 24 கோடி. மையம் குறிவைத்தது 30 கோடி. தொப்புள்கொடிப் பையிலிருந்து கிலோவுக்கு 1.9 கோடி. எண்ணிக்கையில் சிறிய கூட்டல்தான். ஆனாலும் இலக்கு எட்டாத நிலையில் அதைச் சேர்ப்பதில் இழப்பில்லை என்று இரண்டையும் கொடுத்தார்கள். தம்பியின் ஹீமோகுளோபின் 10.4இலிருந்து 8.6க்கு இறங்கியது, மூன்றாம் நாள் வார்டில் ஓடிக்கொண்டிருந்தான்.

பையை 37 டிகிரி நீரில் உருக்கி உடனே ஏற்ற வேண்டும். உறையும்போது செல்லைக் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. அறை வெப்பத்தில் செல்லுக்கே ஊறு செய்யும். ஏற்றிய சில நிமிடத்தில் அந்த ரசாயனம் மூச்சில் வெளியேறி அறை முழுக்கப் பூண்டு வாடை அடித்தது. முன்பே சொல்லாததால் தாய் பயந்துபோனார்.

வெள்ளணு 21ஆம் நாள் ஏறியது. தட்டணு 38ஆம் நாள். கடைசியாகச் சிவப்பணு ஏற்றியது 41ஆம் நாள். தோலில் லேசான ஒவ்வாமை எதிர்வினை வந்து களிம்பிலேயே அடங்கியது. 14 மாதம் கழித்து ஹீமோகுளோபின் 10.8. கொடையாளியே கேரியர் என்பதால் இதற்கு மேல் எதிர்பார்ப்பதும் சரியல்ல. ரத்தத்தில் 91 விழுக்காடு தம்பியின் செல்கள். உடலில் பழைய இரும்பு இன்னும் இருக்கிறது. அதை இறக்க மாதம் ஒருமுறை கிலோவுக்கு 6 மில்லி ரத்தம் எடுக்கிறார்கள். ரத்தம் ஏற்றிக்கொண்ட கையிலிருந்தே இப்போது ஏன் எடுக்கிறீர்கள் என்று சிறுமி ஒவ்வொரு முறையும் கேட்கிறாள்.

மாற்ற வேண்டியவை

கிளாம்ப் நேரம்தான் முதலில். குழந்தையின் ரத்தத்தைப் பைக்காகக் குறைக்கக் கூடாது என்பதில் குழுவுக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் நோயாளிக்காகவே சேகரிக்கும் இத்தகைய பிரசவத்தில், நிறைமாதக் குழந்தை நன்றாக அழுதால் 60 விநாடியோடு நிறுத்துவது குழந்தைக்கும் நியாயம், அக்காவுக்கும் நியாயம் என்பது முன்பே பேசி முடிவான ஒன்று. அது எழுதியவரோடு போய்விட்டது. இப்போது இத்தகைய கர்ப்பிணிகளின் கோப்பின் முன்னட்டையில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டப்படுகிறது: நோயாளி யார், எத்தனை விநாடி, முதல் குத்து எங்கே, யாருக்கு போன் செய்ய வேண்டும். அதன் நகல் கிட் பெட்டிக்குள்ளும் இருக்கும். இதயத் துடிப்பு இறங்கிக் குழந்தை சோர்ந்து பிறந்தால் சேகரிப்பு கிடையாது என்பதும் அதே தாளில் தடித்த எழுத்தில்.

பெட்டி வீட்டுக்குள், கட்டிலடியில் இருக்கட்டும், காரில் வேண்டாம். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுதிய லேபிள்களை 36ஆம் வாரத்திலேயே ஒட்டிவைக்கலாம். பிரசவத்தன்று தேதியும் நேரமும் எழுதினால் போதும். தியேட்டரில் நஞ்சுக்கொடியைத் தொங்கவிட ஒரு தாங்கி வாங்கப்பட்டது. விலை அற்பம்.

மரபணு ஆலோசனை முதல் பிள்ளைக்கு நோய் தெரிந்த நாளிலேயே தொடங்கியிருக்க வேண்டும். 27ஆம் வாரத்தில் வந்த குடும்பத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. அடுத்த கர்ப்பம் தெரிந்தவுடன் வரச் சொல்லி யாரும் அவர்களிடம் சொன்னதாகக் கோப்பில் இல்லை. மாற்று சிகிச்சைக்கு முந்தைய கடும் மருந்து கருமுட்டை உருவாகும் சினைப்பைகளைப் பாதிக்கலாம் என்ற பேச்சும் கேப் டவுன் போன பிறகே எழுந்தது. அது பல மாதம் முன்பே பேச வேண்டியது.

பை டாங்கில் இருக்கும் காலம் முழுக்க நோயாளியின் ஃபெரிட்டின் அட்டவணை சேமிப்புச் சான்றிதழோடு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முடிவானது. பையைப் பற்றிக் கேட்க வரும் பெற்றோரிடம் முதல் கேள்வி மருந்தைப் பற்றியதாக இருக்கும்.

கட்டணம் பற்றி ஒன்று. குடும்பம் 20 ஆண்டுக்குக் கட்டியது. பை 22 மாதத்தில் பயன்பட்டுவிட்டது. மீதி ஆண்டுகளுக்கான தொகை திரும்பக் கிடைக்காது என்பது ஒப்பந்தத்தின் சிறு எழுத்தில் இருந்தது. மருத்துவக் காப்பீடான மெடிக்கல் எய்டும் சேமிப்புக் கட்டணத்தில் எதையும் ஏற்கவில்லை. நோயாளி ஏற்கெனவே வீட்டில் இருக்கும்போது பை பல ஆண்டு காத்திருக்கப் போவதில்லை. இத்தகைய குடும்பங்களை ஆண்டுக் கட்டண முறையில் சேரச் சொல்கிறார்கள்.